கட்டியை எடுத்தாகிவிட்டது, வலி ஏன் போகவில்லை?

கடிதம் எழுதியவர் 57 வயதுப் பெண்மணி. கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்த்தவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்பது மாதங்களுக்கு முன் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இருந்த புற்றுநோய்க் கட்டியை, விலாவைத் திறந்து அறுவை சிகிச்சை செய்து எடுத்திருக்கிறார்கள். பிறகு நான்கு சுற்று கீமோதெரபி. சென்ற மாதம் எடுத்த ஸ்கேனில் நோய் எதுவும் இல்லை.

ஆனால் வலி போகவில்லை. வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு, மார்பகத்துக்கு அடியில் வந்து முடிகிறது. பாதி இடம் மரத்துக் கிடக்கிறது, மீதி இடம் எரிகிறது. "எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்து, கங்கு வைத்த மாதிரி முடிகிறது" என்று எழுதியிருக்கிறார். இருமினால் கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று இழுக்கிறது. ரவிக்கை பட்டால் தாங்க முடிவதில்லை என்பதால் வீட்டில் கணவரின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அறுவை செய்த மருத்துவர், "எல்லாம் சரியாகிவிட்டது, மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். இன்னொரு மருத்துவர் இரவில் போட 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில், "இது மனநோய்க்குக் கொடுப்பது" என்று சொன்னதைக் கேட்டு ஆறாவது நாளே நிறுத்திவிட்டார். ஐந்து மாதமாகக் கடையில் தானே டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கி, நாளுக்கு இரண்டு போடுகிறார். உப்பு ஒத்தடம் கொடுத்ததில் விலாவில் கொப்புளம் வந்து ஆறியிருக்கிறது. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு.

நோய் திரும்பி வந்து ஸ்கேனில் தெரியாமல் இருக்கிறதா, நரம்பைத் தவறாக வெட்டிவிட்டார்களா, மறுபடி ஆபரேஷன் செய்தால் சரியாகுமா, மார்ஃபின் கொடுத்துவிடுவார்களா, பேரனைத் தூக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: "உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகும் வலிக்கிறது என்று புலம்புவது பாவமா டாக்டர்? சில ராத்திரிகளில் விடியாமலே போய்விட்டால் தேவலை என்றிருக்கிறது."

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

பாவம் இல்லை. உயிர் பிழைத்ததற்கு நன்றியும் இருக்கலாம், விலாவில் வலியும் இருக்கலாம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று பொய்யாகிவிடாது. பல மாதங்கள் சரியாகத் தூங்காத ஒரு மனிதருக்கு, விடியாமல் போனால் தேவலை என்று தோன்றுவதை நான் என் மேசைக்கு எதிரே பலமுறை கேட்டிருக்கிறேன். வலி குறைந்து நான்கு இரவுகள் தூங்கியதும் அந்த எண்ணம் விலகிப்போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நீங்கள் தனியாகச் சுமக்கக் கூடாது. இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதிய அதே வரியை உங்கள் கணவரிடமோ மகளிடமோ இன்றே சொல்லுங்கள். அடுத்து பார்க்கப் போகும் மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த எண்ணம் அழுத்தும் இரவில் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக வந்தால், வீட்டில் யாரையாவது எழுப்பி, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வலி எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு மூன்றும் சேர்ந்து, முதுகிலிருந்து நெஞ்சு வரை ஓடுகின்றன. நுரையீரலை எட்டுவதற்கு அறுவை மருத்துவர் இரண்டு விலாக்களுக்கு இடையே உள்ள தசையைத் திறந்து, ஓர் உலோகக் கருவியை வைத்து அந்த இடைவெளியை அகலமாக்குவார். அறுவை நடக்கும் நேரம் முழுவதும் அந்தக் கருவியின் அழுத்தம் நரம்பின் மேல் விழுகிறது. முடிந்த பிறகு விலாக்களைச் சேர்த்துத் தைக்கும்போது தையல் நரம்பை இறுக்கலாம். உள்ளே தேங்கும் நீரும் காற்றும் வெளியேறப் பக்கவாட்டில் வைத்த குழாயும் உரசலாம். எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது. சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவையில் இந்த வலி குறைவு. ஆனால் அதிலும் வரும். எனவே, நரம்பைத் தவறாக வெட்டிவிட்டார்களா என்ற கேள்விக்கு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தவறு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கட்டியை எட்டுகிற வழியே அந்த நரம்புகளை ஒட்டித்தான் போகிறது.

நீங்கள் சொன்ன பாதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். தோள்பட்டை எலும்புக்குக் கீழிருந்து மார்பகத்துக்கு அடி வரை ஒட்டியாணம்போல் சுற்றும் அந்தக் கோடு, விலா நரம்பு ஓடும் அதே கோடு. என்னிடம் வருபவர்களை உட்காரவைத்து, ஒரு பஞ்சுத் துணுக்கையும் பல்குத்தும் குச்சியையும் எடுத்துக்கொள்வேன். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் மெல்ல வருடிக்கொண்டே போய், எங்கே மரத்திருக்கிறது, எங்கே பஞ்சு பட்டாலே முகம் சுளிக்கிறார்கள் என்று தோலில் பேனாவால் கோடு போடுவேன். முடித்துவிட்டுக் கண்ணாடியில் காட்டினால் பலர் அழுதுவிடுவார்கள். மாதக்கணக்காக யாரும் நம்பாத ஒன்று அவர்கள் உடம்பிலேயே வரைபடமாக நிற்கிறது. பஞ்சு பட்டால் வலிப்பது மனப்பிரமை இல்லை. அடிபட்ட நரம்பு, தொடுகையையே வலியாக மூளைக்கு அனுப்புகிறது. உங்கள் ரவிக்கையும் அந்தப் பஞ்சைப் போலத்தான்.

இது உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1944-லேயே, உலகப் போரில் மார்பில் காயம்பட்டு அறுவை செய்துகொண்ட வீரர்களுக்கு இந்த விலா வலி நீடிப்பதை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுவை முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் தழும்பை ஒட்டி வலி நீடித்தாலோ திரும்ப வந்தாலோ, அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விலாவைத் திறந்து அறுவை செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஆறு மாதம் கழித்தும் ஓரளவாவது வலி இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது சகித்துக்கொள்ளும் அளவில் இருக்கும். உங்களைப்போல் உடுப்பையே மாற்ற வைக்கிற வலி சிறுபகுதியினருக்குத்தான். ஆனால் அவர்களுக்குச் சிகிச்சை கட்டாயம் தேவை.

நோய் திரும்பியிருக்குமா

ஸ்கேன் கட்டியைக் காட்டும், நீர் கோத்திருப்பதைக் காட்டும், எலும்பில் அரிப்பைக் காட்டும். நரம்பின் காயத்தை அது காட்டாது. ஆகவே, "ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்று உங்கள் மருத்துவர் சொன்னது உண்மை. உங்கள் வலியும் உண்மை. அறுவைக்குப் பிறகு விடாமல் இருந்துவரும், அதே கோட்டில் நிற்கும், எரிச்சலும் மரத்தலும் கலந்த வலி பெரும்பாலும் நரம்பு வலிதான்.

இருந்தாலும் பயத்தை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. வலி புதிய இடத்துக்குப் பரவினாலோ, நன்றாகக் குறைந்திருந்த வலி மறுபடி ஏறிக்கொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ, தழும்பில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காதீர்கள். சளியில் இரத்தம், காய்ச்சல், தழும்பில் சீழ் என்றாலும் அப்படியே. திடீர் மூச்சுத்திணறல், நடுமுதுகு வலியோடு கால் பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை ஆகியவை அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகள். இவை எதுவும் இல்லாதவரை, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்ற வழக்கமான கண்காணிப்பைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

நீங்கள் நிறுத்திய மாத்திரையும், நிறுத்த வேண்டிய மாத்திரையும்

மருந்துக்கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அமிட்ரிப்டிலின் முதலில் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் 75 மில்லிகிராம், அதற்கும் மேலே. உங்களுக்கு எழுதியது 10. அந்தச் சிறிய அளவில் அது முதுகுத் தண்டில், கீழிருந்து ஏறும் வலிச் செய்தியை மட்டுப்படுத்த மூளை அனுப்பும் தடைக்கு வலு சேர்க்கிறது, தூக்கத்துக்கும் உதவுகிறது. உலகம் முழுவதும் நரம்பு வலிக்கு முதல் வரிசையில் வைக்கும் மருந்துகளில் அது ஒன்று. உங்களுக்கு அதை எழுதியவர் உங்கள் வலியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நினைக்கிறேன். குறை எங்கே என்றால், எதற்கு எழுதுகிறேன் என்று அவர் இரண்டு நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், இடையில் அளவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டியிருக்கும். ஆறு நாளில் ஒன்றும் தெரியாது.

அவரிடமே திரும்பிப் போங்கள். நாக்கு வறளும், மலச்சிக்கல் வரும், காலையில் எழுந்ததும் தலை சுற்றலாம் என்பதால் கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறோ கண்ணில் நீர் அழுத்தமோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். உங்கள் வயதுக்கும் சர்க்கரைக்கும் ஓர் ஈசிஜி எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அது ஒத்துக்கொள்ளாவிட்டால் கபாபென்டின், பிரிகாபலின், டுலாக்ஸிட்டின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. இவற்றில் கபாபென்டினும் பிரிகாபலினும் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை, மயக்கத்தைத் தருபவை. நுரையீரலில் ஒரு பகுதி இல்லாதவருக்கு வேறு தூக்க மருந்தோடும் மார்ஃபின் வகை மருந்தோடும் சேர்த்துக் கொடுத்தால் மூச்சு மந்தமாகலாம். அதனால் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. தொடங்கிய பிறகு திடீரென்று நிறுத்தவும் கூடாது.

டைக்ளோஃபினாக்கை நாளை காலையிலிருந்து போடாதீர்கள். சொல்லக் கடினமாக இருக்கிறது, ஏனென்றால் ஐந்து மாதமாக நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே கொம்பு அதுதான். ஆனால் அது வீக்க வலிக்கான மருந்து. நரம்பு எரிச்சலுக்கு அதிகம் உதவாது. உங்களுக்கு 11 ஆண்டுச் சர்க்கரை. நுரையீரல் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உங்கள் கீமோவில் அது இருந்ததா என்று சீட்டில் பாருங்கள். இந்த இரண்டோடு தினம் இரண்டு டைக்ளோஃபினாக் சேர்ந்தால் சிறுநீரகமும் வயிறும் தாங்குவது கடினம். இந்த வாரமே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பாருங்கள். மலம் கருப்பாகப் போனால் உடனே மருத்துவரிடம் போங்கள். இடைக்காலத்துக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவில், கல்லீரல் நோய் இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளலாம். பெரிய நிவாரணம் தராது, ஆனால் கெடுக்காது.

"நரம்புக்கு" என்று யாராவது வைட்டமின் ஊசி போடச் சொல்வார்கள். நம் பேச்சில் இரத்தக் குழாயும் நரம்புதான், வலி கடத்தும் இழையும் நரம்புதான், சோர்வும் நரம்புத் தளர்ச்சிதான். அந்தக் குழப்பத்தில் பணம் நிறையச் செலவாகிறது. பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுத்தவர்களுக்கு அந்தக் குறைவு வரக்கூடும். விலாவில் நசுங்கிய நரம்பை அந்த ஊசி சரிசெய்யாது.

மார்ஃபினைப் பற்றிய பயம் உங்கள் விஷயத்தில் தேவைப்படாது, ஏனென்றால் இந்த வகை வலிக்கு அது முதல் மருந்து இல்லை. ஆனாலும் "அது கடைசிக் கட்டத்துக்கு" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். புற்றுநோயின் கடும் வலியில் எந்தக் கட்டத்திலும் அது தேவைப்படலாம். மருத்துவக் கண்காணிப்பில் வலிக்காக எடுப்பவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மிகக் கெடுபிடியாக இருந்ததால் மருத்துவமனைகளே அதை வைத்திருக்கத் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். அந்த மருந்து கிடைக்காமல் துடித்தவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அதன் பெயரைக் கேட்டதும் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

மறுபடி அறுவை வேண்டாம்

காயம்பட்ட நரம்பைத் தேடி மறுபடி விலாவைத் திறந்தால் புதிய காயம்தான் மிஞ்சும். மாத்திரையில் போதிய பலன் இல்லாவிட்டால், வலி சிகிச்சை மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அந்த விலா நரம்புக்கு அருகில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள்; தேவைப்பட்டால் ரேடியோ அலை கொண்டு நரம்பின் கூச்சத்தைத் தணிப்பார்கள். ஊசி நுரையீரல் உறையைத் தொட்டால் காற்று கசியும் அபாயம் சிறிதளவு உண்டு. உங்களுக்கு நுரையீரல் ஏற்கெனவே குறைந்திருப்பதால், இதில் பழகிய கை வேண்டும். அவசரமில்லை, மாத்திரைகளை முறையாகப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. உப்பு ஒத்தடத்தை விட்டுவிடுங்கள்: மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தது அதனால்தான். தழும்பு நன்றாக ஆறியிருந்தால், நைந்து மெத்தென்றான பழைய வேட்டித் துணியை எடுத்து, முதலில் இடது விலாவில் மெல்லத் தடவுங்கள். தோலுக்கு அது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு அதே துணியால் வலது விலாவில், வலி எல்லையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. ஒரு வாரம் போனதும் கொஞ்சம் முரடான பருத்தித் துணி, அடுத்து துவாலை. தொடுகை ஆபத்தில்லை என்று நரம்புக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் பயிற்சி இது. தோலில் ஒட்டும், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் மருந்துப் பட்டை கிடைத்தால், புண்ணில்லாத தோலில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். வெளியே போகும் நாளில் அதை ஒட்டி, மேலே உள்பாடி இல்லாமல் தளர்வான, முன்பக்கம் கொக்கி வைத்த பருத்தி ரவிக்கை போட்டுப் பாருங்கள். விலாத் தையல் வலியின் மேல் வராதபடி தையற்காரரிடம் சொல்லித் தைக்கலாம்.

வலதுகையை அசைக்காமல் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அறுவையில் முதுகுத் தசையும் வெட்டுப்படுவதால் தோள் எளிதில் இறுகிவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் வேகமாக. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏறுங்கள். நேற்று எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு, இன்று அதற்கு ஓர் அங்குலம் மேலே. இருமல் வரும்போது தலையணையை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பெற வேண்டியவை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மயக்கவியல் துறையினர் நடத்துவார்கள். வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கும் போகலாம். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் நம்பாதீர்கள். புற்றுநோய் முழுதாகக் குணமானவர்களின் வலியையும் அங்கே பார்க்கிறார்கள். பயணம் முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்: 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்பு உதவியும் தருகிறார்கள். போகும்போது அறுவைக் குறிப்பும் கீமோ சீட்டும் கையில் இருக்கட்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.

"வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால், "தைரியமாக இருங்கள்" என்ற பதில்தான் திரும்ப வரும். எரிகிறதா, மரத்திருக்கிறதா, பத்துக்கு எத்தனை, எத்தனை மணி தூங்கினீர்கள், ரவிக்கை போட முடிந்ததா என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி அதைக் காட்டுங்கள். சிகிச்சையின் இலக்கையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சுத்தமாக வலி போய்விடும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். எட்டு என்றிருந்தது நான்காகி, இரவில் ஆறு மணி நேரம் தூக்கம் வந்தால் நாங்கள் அதை வெற்றி என்றே எண்ணுவோம். பலருக்கு அங்கிருந்து மாதங்கள் போகப்போக இன்னும் இறங்குகிறது.

பேரனைத் தூக்கலாமா என்று கேட்டீர்கள். ஒன்பது மாதத்தில் உள்ளே போட்ட தையல்கள் ஆறியிருக்கும். தூக்குவதால் எதுவும் பிய்ந்துவிடாது. ஆனாலும் தரையிலிருந்து குனிந்து தூக்க வேண்டாம். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவன் இடது பக்கமாக வந்து மடியில் ஏறட்டும். வலது கையை அவன் முதுகில் வைத்துக்கொள்ளுங்கள்.